அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது

தாராவியில் ஒருத்தி தனியாக இருக்க வேண்டுமென்றால் பதினோரு பேர் வெளியே போக வேண்டும். ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு மிகையாகத் தோன்றலாம். எங்கள் வீடு பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதற்குள் மாமனார், மாமியார், கொழுந்தன், என் வீட்டுக்காரர் செல்வம், நான், ஒன்றரை வயது மகன். தலைக்கு மேலே, இரும்பு ஏணியில் ஏறிப் போகிற மாடியில், அத்தை வாடகைக்கு விட்டிருக்கும் தையல் பட்டறை. அங்கே ஏழு மெஷின், ஏழு பேர். அவர்கள் மெஷினை ஓட்டினால் என் லேப்டாப் திரை நடுங்கும். சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர்கள் இன்டர்வியூவுக்கு முதல் நாள் ஒரு மெயில் அனுப்புவார்கள். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது, கதவு மூடியிருக்க வேண்டும், சத்தம் கூடாது, முகத்தில் நல்ல வெளிச்சம் விழ வேண்டும். எங்கள் வீட்டில் கதவை மூடினால் வெளிச்சம் கிடையாது, திறந்தால் சத்தம். அந்த மெயிலை எழுதிய மகராசன் எத்தனை அறை உள்ள வீட்டில் உட்கார்ந்து எழுதினானோ, என் வயிற்றெரிச்சல் அவனைச் சும்மா விடாது.

முதல் தடவை இதை அத்தையிடம் சொன்னபோது அவர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஏட்டி முத்து, உனக்குப் பரீட்சையா பிரசவமா? எல்லாரையும் வெளிய போவச் சொல்லுதாவ?" ஆனாலும் மனுஷி சும்மா இருக்கவில்லை. ஏணியில் பாதி ஏறி, "ஏய், சப் நீச்சே ஆவ், பஹு கா இம்திஹான் ஹை," என்று மருமகளின் பரீட்சையை மாடிக்கு அறிவித்தார். ஏழு பேரும் இறங்கி வந்தார்கள். மாமா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார். எல்லாரும் குழாயடியில் நின்றார்கள். எங்கள் ஊரில் ஒரு காரியம் முடிகிற வரைக்கும் மூச்சு விட மாட்டோம், கண் பட்டுவிடும் என்பார்கள். இங்கே பதினோரு பேர் குழாயடியில் நின்றால் எதை மறைக்க? கல்லி என்கிற எங்கள் சந்து முழுக்கத் தெரிந்துவிடும், செல்வம் பொண்டாட்டிக்கு இன்டர்வியூ. அரை மணி கழித்துக் கதவைத் திறந்தால் பதினோரு முகமும் ஒரே கேள்வி கேட்கும். பீகார்க்காரத் தையல்காரர் ஒருவர் மட்டும் வாயைத் திறந்து, "பாபி, நௌக்ரி மில்கயா?" என்பார். கிடைக்கவில்லை என்று எத்தனை தடவைதான் சொல்வது? அவர்களுக்கு மெஷின் நின்ற நேரம் நின்றதுதான்.

எனக்கு அந்த வேலை எவ்வளவு தேவை என்று மூடி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சென்னையில் நான்கு வருடம் ஒரு கம்பெனியில் ஜாவா எழுதிக்கொண்டிருந்தவள் நான். கல்யாணம் ஆகி பம்பாய் வந்த பிறகும் கொஞ்ச காலம் வீட்டில் இருந்தே எழுதினேன். பிள்ளை உண்டானதும் உடம்பு ஒத்துழைக்கவில்லை, வேலையை விட்டேன். இரண்டு வருடம் ஓடிவிட்டது. சாஃப்ட்வேரில் இரண்டு வருட இடைவெளி என்பது நமத்துப்போன அப்பளம், திரும்பவும் பொரியாது என்று நினைக்கிறார்கள். மூன்று வருடம் ஆகிவிட்டால் யாரும் கூப்பிடக்கூட மாட்டார்கள். அத்தை கெட்டவர் இல்லை, ஆனால் ஒருநாள் போகிற போக்கில் சொன்னார், "மேல ஒரு மெஷின் சும்மாதானே கெடக்கு, காஜா போடப் படிச்சுக்கிட்டா என்னா?" அன்றைக்கு ராத்திரிச் சோறு எனக்கு இறங்கவில்லை. காஜா போடுவது கேவலம் என்று இல்லை. எனக்கு ஒரு வேலை தெரியும், நன்றாகத் தெரியும், அதை விட்டுவிட மனசு வரவில்லை.

சங்கரன்கோவில் பக்கம் நான் படித்த காலேஜில் நடந்த முதல் இன்டர்வியூ இன்னும் ஞாபகம் இருக்கிறது. பெரிய ஹாலில் எங்கள் வகுப்பு மொத்தமும் உட்கார்ந்திருந்தது. பையன்கள் ஒரே டையை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். முடிச்சை அவிழ்க்கத் தெரியாமல் தலைவழியே கழற்றி அடுத்தவன் தலையில் மாட்டினார்கள். எனக்குக் கேள்வி கேட்டவர் பாடத்தில் இரண்டே கேள்வி கேட்டுவிட்டு, "சொந்த ஊர் எதும்மா? ஊர்ல எந்தத் தெரு?" என்று விசாரித்தார். எங்கள் பக்கத்தில் தெரு கேட்பது எதற்கு என்று பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். தெருவைச் சொன்னால் அப்பன் பாட்டன் வரைக்கும் சொன்ன மாதிரி. நான் தெருவைச் சொல்லாமல், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "அங்க நாலு தெரு இருக்கே," என்றார். அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. இந்தத் தெருப் புத்தி இல்லாத ஊருக்குப் போய்விட வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். பம்பாயில் யாரும் தெருவைக் கேட்பதில்லை, அந்த மட்டுக்கும் இந்த ஊருக்குக் கும்பிடு. இங்கே பின்கோடு கேட்கிறார்கள்.

தாராவி என்றதும் திரையில் இருக்கிற முகம் மாறும். ஒருவர், "அங்கே இன்டர்நெட் வருமா?" என்றார். இன்டர்நெட்டில்தான் ஐயா உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன். இன்னொரு அம்மாள் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். அந்த இடத்தில் இருந்து படித்து முன்னேறி வந்திருக்கிறீர்களே, எவ்வளவு பெரிய விஷயம், உங்கள் கதையைச் சொல்லுங்கள் என்றார். நான் அங்கே பிறக்கவும் இல்லை, படிக்கவும் இல்லை, கட்டிக்கொடுத்து வந்தேன் என்றதும் அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கதை இல்லாதவளுக்கு வேலையும் இல்லை. சென்னையில் என்னோடு வேலை பார்த்த ஜெயஸ்ரீ மாட்டுங்காக்காரி, மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கிற பாலக்காட்டுக் குடும்பம். அவளிடம் போன் பண்ணி அழாத குறையாகச் சொன்னேன். "நீ ஏன்டீ ரெஸ்யூமேல தாராவின்னு போடறே? சயான் வெஸ்ட்னு போடேன், டெக்னிக்கலி கரெக்ட்தானே. அப்பறம், கொழந்தை இருக்குன்னு மூச்சு விடாதே. ரெண்டு வருஷம் கோர்ஸ் பண்ணினேன்னு சொல்லிடு." நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். சயான் வெஸ்ட் என்று போட்டுக்கொண்டு போன அன்றைக்குக் கேள்வி கேட்டவர் சயான்காரராகப் போனார். எந்த பில்டிங், எந்த விங் என்று ஆசையாக விசாரித்தார். எங்கள் வீட்டுக்கு ஏணிதான் உண்டு, விங் இல்லை. மறுநாளே ரெஸ்யூமேயில் தாராவியைத் திரும்ப எழுதினேன், கோர்ஸை மட்டும் விட்டுவைத்தேன்.

கேள்விகளாவது ஒழுங்காக இருக்குமா என்றால் அதுவும் இல்லை. ஒருவர் ஒரு பார்க்கிங் இடத்தை வடிவமைத்துக் காட்டச் சொன்னார். எத்தனை மாடி, எத்தனை கார், பைக் எங்கே நிற்கும், லாரி வந்தால் என்ன செய்வாய். எங்கள் கல்லியில் எதிரே ஒரு ஆள் வந்தால் நான் திரும்பி நின்று வழி விட வேண்டும், நான் லாரியை எங்கே நிறுத்த? ஆனாலும் நிறுத்தினேன். அழகாக நிறுத்தினேன். பிறகு வேறொருவர், ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பீர்கள் என்று கேட்டார். எங்கள் பக்கம் வாசல்படி இறங்குகிறவளிடம் "எங்க போற?" என்று கேட்டாலே காரியம் கெட்டுவிடும் என்று வாய்க்குள் திட்டுவார்கள். இவர் ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக் கேட்கிறார். உங்கள் கம்பெனியில்தான் சார் என்றேன். அப்படித்தான் சொல்ல வேண்டுமாம், ஜெயஸ்ரீ சொல்லிக்கொடுத்தது.

ஆறாவது கம்பெனி என்று நினைக்கிறேன், அங்கே மூன்று சுற்று தாண்டிவிட்டேன். நான்காவதில் இரண்டு மணி நேரம் கேமரா முன்னால் உட்கார்ந்து கோடு எழுத வேண்டும். புனேயில் இருந்து ஒரு மராத்திக்காரர் பார்த்துக்கொண்டே இருப்பார். வழக்கம்போலப் பதினோரு பேரும் வெளியே போனார்கள். மகன் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தான். தூங்குகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நிற்க முடியாது என்று அத்தை சொல்லிவிட்டார், நானும் சரி என்றேன். அறையைச் சுற்றிக் காட்டுங்கள் என்றார் புனேக்காரர். லேப்டாப்பைத் தூக்கிச் சுற்றிக் காட்டினேன். அடுப்பு, பீரோ, ஏணி, சாமி படம், உத்தரத்தில் இருந்து தொங்குகிற சேலை. தனியாக இருக்கிறீர்களா என்றார். ஆமாம் என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குப் பொய் சொன்ன மாதிரியே தோன்றவில்லை. போகச் சொன்ன கணக்கிலும் மகன் இல்லை, இருக்கிற கணக்கிலும் இல்லை. தூளிக்குள் இருக்கிற பிள்ளையை எங்கள் வீட்டில் யாரும் ஆளாக எண்ணுவது கிடையாது.

நாற்பது நிமிடத்தில் சேலை அசைந்தது. முனகல் கேட்டது. எங்கள் பக்கத்துப் பெண்கள் பீடி சுற்றும்போது செய்கிற வேலையைத்தான் நானும் செய்தேன். தூளியில் இருந்து ஒரு கயிறு, அதன் நுனி என் வலது கால் கட்டைவிரலில். கை பாட்டுக்கு எழுதும், கால் பாட்டுக்கு ஆட்டும். பிள்ளை பெற்ற நாளில் இருந்து நான் படித்த படிப்பெல்லாம் அப்படிப் படித்ததுதான். இரண்டு நிமிடம் போயிருக்காது, புனேக்காரர் குரல் வந்தது.

"மேடம், உங்கள் தோள் ஏன் ஆடுகிறது?"

"ஒன்றும் இல்லை சார்."

"பக்கத்தில் யார்? யாராவது பதில் சொல்லித் தருகிறார்களா?"

"யாரும் இல்லை சார்."

"மேடம், எங்கள் கணினி எச்சரிக்கை காட்டுகிறது. அறையில் இன்னொரு ஆளின் குரல் கேட்கிறது. நான் இதை நிறுத்த வேண்டியிருக்கும்."

எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம். இத்தனை மாதமாக ஒவ்வொருத்தரிடமும் பல்லைக் காட்டிக்கொண்டு இருந்தது எல்லாம் சேர்ந்து வந்தது. கேமராவைத் திருப்பினேன். முதலில் என் காலைக் காட்டினேன், பிறகு கயிற்றை, பிறகு சேலையை விலக்கி உள்ளே கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தவனை. "இவன்தான் சார் அந்த இன்னொரு ஆள். ஒன்றரை வயசு. இவனுக்கு ஜாவா தெரியாது!" என்று கத்தினேன். வெளியே குழாயடியில் யாரோ, "என்னா சத்தம்?" என்றது கேட்டது. புனேக்காரர் பக்கம் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, "உங்கள் ரெஸ்யூமேயில் இரண்டு வருடம் கோர்ஸ் என்று போட்டிருக்கிறீர்களே, அது?" என்றார். "இந்தக் கோர்ஸ்தான் சார். இன்னும் முடியவில்லை." அவர் சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை. ஆறு நிமிடம் போய்விட்டது, தொடருங்கள் என்றார். மகனை மடியில் போட்டுக்கொண்டு தொடர்ந்தேன். அவன் இரண்டு தடவை கீபோர்டில் அடித்தான், அதையும் அழித்துவிட்டு எழுதி முடித்தேன்.

ஐந்தாவது சுற்றும் முடிந்து வேலை உங்களுக்குத்தான் என்று மெயில் வந்தபோது, கல்லியில் இனிப்பு வாங்கக் கொழுந்தனை அனுப்பிவிட்டார் மாமா. நான்தான் மெயிலின் கடைசிப் பத்தியைப் படித்துவிட்டு நிறுத்தினேன். சரிபார்ப்பு என்று ஒன்று பாக்கி. நான் எழுதிக்கொடுத்த இரண்டு விலாசத்துக்கும் ஆள் அனுப்புவார்கள். இப்போது குடியிருக்கிற விலாசம் தாராவி, நிரந்தர விலாசம் சங்கரன்கோவிலில் அம்மா வீடு. இங்கே இருக்கிறாள், அங்கே இல்லை, அங்கே பெற்றவள் மட்டும் இருக்கிறாள் என்று இரண்டு பக்கமும் சொன்னால் பச்சை. எது மாறினாலும் சிவப்பு, வேலை கிடையாது. இதில் என்ன பெரிய கஷ்டம் என்று விட்டுவிட்டேன். ஊரைத் தெரிந்தும் விட்டேனே, அதுதான் என் புத்தி.

மகனுக்குத் தடுப்பூசி போட நான் சயானுக்குப் போயிருந்த நேரத்தில் சரிபார்க்கிற ஆள் வந்திருக்கிறார். கல்லி முனையில் காலையில் இட்லி விற்கிற பேச்சியக்காவிடம் விசாரித்திருக்கிறார். சாயங்காலம் பேச்சியக்கா என்னைப் பிடித்து நிறுத்தி, பெரிய உபகாரம் செய்த முகத்தோடு சொன்னார். "ஏட்டி, உன்னையக் கேட்டு ஒருத்தன் வந்தான். கையில டேப்லெட்டு, தோள்ல பேக்கு. உன் போட்டோவ வேற காட்டுதான். நான் விட்டுருவனா? இதர் ஐஸா கோயி நஹி ரெஹ்தா, அப்படி யாரும் இங்க இல்லன்னு அடிச்சுச் சொல்லிட்டேன்."

"யக்கா, போட்டோவுல இருந்தது நான்தானே?"

"நீதான். அதனாலதான் சொல்லுதேன். பேக்கும் பேருமா எவன் வந்து கேட்டாலும் தெரியாதுங்கணும். ஆமான்னு சொல்லி உருப்பட்டவ யாரு இந்தக் கல்லியில?"

அவரைக் குறை சொல்லிப் பிரயோசனம் இல்லை. கதவில் நம்பர் எழுத வருகிறவன், தவணை கேட்டு வருகிறவன், கரண்ட் மீட்டர் பார்க்க வருகிறவன், எல்லாருக்கும் இந்தக் கல்லி ஒரே பதில்தான் வைத்திருக்கிறது. மறுநாள் கம்பெனியில் இருந்து ஒரு பெண் பேசினாள். "மேம், அக்கம்பக்கத்தில் உங்களை யாருக்கும் தெரியவில்லையாமே? நீங்கள் உண்மையில் எங்கே இருக்கிறீர்கள்?" தெரியவில்லை என்று அவர்கள் சொன்னது என்னை நன்றாகத் தெரிந்ததால்தான் என்று இங்கிலீஷில் எப்படி விளக்குவது? விளக்கிப் பார்த்தேன். அவளுக்குப் புரியவில்லை. கெஞ்சினேன், அது புரிந்தது. வியாழக்கிழமை இன்னொரு தடவை ஆள் வருவார், அதுதான் கடைசி என்றாள்.

புதன்கிழமை முழுக்க பேச்சியக்காவுக்குப் பாடம் எடுத்தேன். ஆமாம் என்று மட்டும் சொல்லுங்கள், வேறு ஒரு வார்த்தை பேசாதீர்கள். "சரிட்டி, சரிட்டி," என்றார். வியாழக்கிழமை ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து அந்த மனிதர் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். இவரைத் தெரியுமா என்று என்னைக் காட்டினார். பேச்சியக்கா ஆமாம் என்றார். எனக்கு மூச்சு வந்தது. எத்தனை வருடமாக இருக்கிறார் என்று அடுத்து கேட்டார். பேச்சியக்கா நிமிர்ந்தார். எத்தனை வருடம் என்று அதிகாரி கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதிலும் இந்தக் கல்லி தேர்ந்தது. குடிசையை இடித்துக் கட்டும்போது ரொம்ப காலமாக இருப்பவர்களுக்குத்தான் புது வீடு என்று வருடக்கணக்காகக் கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள். "இதர்ச் பைதா ஹுயீ!" என்றார். இங்கேயே பிறந்தவளாம். அத்தோடு விட்டாரா? தன் கையால் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய பிள்ளையாம். பின்னால் நின்ற நாலு பெண்கள் தலையை ஆட்டினார்கள். அந்த மனிதர் என் பிறந்த ஊர் எழுதியிருந்த தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை, தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அம்மா.

"ஏட்டி முத்து, இங்க ஒருத்தன் வந்திருக்கான். உன் பேரச் சொல்லி, இந்த வீட்டுலயா இருக்கான்னு கேக்கான். ஆமா, இங்கதான் இருக்கா, கடைக்குப் போயிருக்கா, இப்ப வந்துருவான்னு சொல்லிட்டேன். வந்ததும் பாத்துட்டுப் போறேன்னு நாற்காலியப் போட்டு உக்காந்துட்டான். காப்பி குடுத்திருக்கேன். என்ன செய்யட்டும்?"

"எதுக்கும்மா அப்படிச் சொன்ன?"

"ரேஷன் கார்டுக்காரன்னு நெனச்சேன். கட்டிக்குடுத்த பிள்ள இங்க இல்லன்னா பேர அடிச்சிருவாம்லா. உன் பேர நான் இன்னும் எடுக்கல."

நான்கு வருடமாக எடுக்கவில்லை. சர்க்கரைக்காகவும் அரிசிக்காகவும் வைத்திருக்கவில்லை என்பது அவள் சொன்ன விதத்திலேயே தெரிந்தது. ஆனால் எனக்கு அப்போது அதையெல்லாம் நினைக்க நேரமில்லை. இங்கே ஒருவர் டேப்லெட்டோடு நிற்கிறார், அங்கே ஒருவர் காப்பியோடு நான் வருவேன் என்று உட்கார்ந்திருக்கிறார். "அம்மா, அவன் ரேஷன் ஆபீஸ் இல்ல, என் வேலைக்கு வந்திருக்கான். நான் அங்க இல்லன்னு சொல்லு."

"இன்னொரு காப்பி வேணும்னா குடுக்கேன்," என்றாள் அம்மா.

"சொல்லும்மா. இல்லன்னா வேலை போயிரும்."

"நீ இந்த வீட்டுல இல்லன்னு நான் எப்படிட்டி என் வாயால சொல்லுவேன்?"

கல்லியில் எல்லாரும் பார்க்கிறார்கள் என்றுகூட யோசிக்காமல் அவளிடம் கத்தினேன். "சொல்லித்தான் ஆகணும்! போய்ச் சொல்லு!" பெற்றவளிடம் அப்படி நான் கத்தியது கிடையாது. அந்த வேலையில்தான் இப்போது இருக்கிறேன். இங்கே வந்த மனிதர் பிறந்த கதையை விட்டுவிட்டு, குடியிருக்கிறார் என்று மட்டும் எழுதிக்கொண்டார். இரண்டு நாளில் இரண்டு விலாசத்துக்கும் பச்சை விழுந்தது. தையல்காரருக்கும் பதில் சொல்லியாகிவிட்டது.

ஆனால் அன்றைக்கு அம்மா போனை அணைக்கவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். கொலுசுச் சத்தம் கேட்டது, நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. என் பக்கத்தில் பேச்சியக்கா அந்த ஹெல்மெட்காரரிடம், நான் இந்தக் கல்லியில் தவழ்ந்த இடத்தைக் கை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். போனுக்குள் அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"தம்பி, நீங்க கெளம்புங்க. அவ வரமாட்டா. அவ இங்க இல்ல."